அப்பாவுக்கு 47 வயதில் மாரடைப்பு, எனக்கு 36: எதைப் பரிசோதிப்பது, எதை விடுவது?

கேள்வியின் சுருக்கம் இது. அப்பா 47 வயதில் மாரடைப்பில் இறந்துவிட்டார். பெரியப்பாவுக்கு 52-ல் பைபாஸ். அம்மாவுக்குச் சுகர். கேட்பவருக்கு 36 வயது. நாள் முழுக்க கணினி முன்னால் வேலை, நண்பர்களோடு இருக்கும்போது மட்டும் சிகரெட், உடம்பில் இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. 32 வயதில் ஒரு தங்கை, அவருக்கு இரண்டு குழந்தைகள். "எனக்கும் வருமா? ஒருமுறை ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துவிட்டால் நிம்மதியாக இருக்குமே" என்கிறார்.

ஆபத்து உங்களுக்குக் கூடுதல்தான், அதை மறைத்துப் பயனில்லை. அப்பா அல்லது உடன்பிறந்த ஆணுக்கு 55 வயதுக்கு முன்போ, அம்மா அல்லது உடன்பிறந்த பெண்ணுக்கு 65 வயதுக்கு முன்போ இதயக் குழாய் அடைப்பு வந்திருந்தால், உங்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் ஆஞ்சியோ வேண்டாம். அப்பாவிடமிருந்து அடைப்பு அப்படியே பிள்ளைக்கு வந்துவிடுவதில்லை. அடைப்பை உண்டாக்கிய ஏதோ ஒன்று வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். அது எது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை. பெரும்பாலும் அது சாதாரண இரத்தப் பரிசோதனையில் ஓர் எண்ணாகத் தெரிந்துவிடும். எண் தெரிந்தால் மருத்துவருக்கும் உங்களுக்கும் பிடி கிடைக்கும். "பரம்பரையா இருக்கு டாக்டர்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

லேபுக்குப் போவதற்கு முன் அம்மாவோடும், அத்தை இருந்தால் அவரோடும் உட்கார்ந்து பேசுங்கள். நம் வீடுகளில் சாவுக்குக் காரணம் சொல்வதே ஒரு தனி பாணி. "நெஞ்சை அடைச்சிருச்சு", "வாயு புடிச்சிக்கிச்சு", "படுத்தவர் எந்திரிக்கல", "பஸ்ஸுக்கு ஓடினார், விழுந்துட்டார்" என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேறு வேறு நோய் இருக்கலாம். யார், எந்த வயதில், அதற்கு முன் நெஞ்சுவலி இருந்ததா, பீடி சிகரெட் உண்டா, சுகர், பிரஷர் இருந்ததா என்று கேளுங்கள். பெரியப்பாவின் பைபாஸ் டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டில் கிடந்தால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பழைய கொலஸ்ட்ரால் ரிப்போர்ட், குறிப்பாக மாத்திரை தொடங்குவதற்கு முந்தையது கிடைத்தால் அது தங்கம். இப்போது எடுப்பதில் மாத்திரையால் குறைந்த அளவுதான் தெரியும். தாத்தா 78 வயதில் மாரடைப்பில் போனார் என்றால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்த வயதில் அது எந்தக் குடும்பத்திலும் நடப்பது.

"அப்பா ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு பீடி குடிச்சார், அதான் வந்துச்சு, எனக்கு அந்தப் பழக்கம் இல்ல" என்பது பலர் சொல்லும் சமாதானம். பாதி உண்மைதான். ஆனால் அண்ணன் தம்பி இருவருக்குமே 55-க்குள் வந்திருக்கும்போது பீடியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது.

இப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றும் சந்தேகம் பரம்பரை அதிகொழுப்பு. மருத்துவர்கள் எஃப்.எச். என்று சுருக்கிச் சொல்வோம். இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ள, கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ பழுதான மரபணு ஒன்று வந்துவிட்டால் இந்த ஏற்பிகளில் பாதிதான் ஒழுங்காக வேலை செய்யும். மீதிக் கொழுப்பு பிறந்த நாள் முதல் இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. இது அபூர்வ நோய் என்று நினைக்க வேண்டாம். உலக அளவில் 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஆயிரம் பேர் வந்து சாப்பிட்டுப் போகும் ஒரு கல்யாணத்தில் மூன்று நான்கு பேர். சிகிச்சை எடுக்காவிட்டால் இவர்களில் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதய அடைப்பு வெளிப்பட்டுவிடும், பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு 60 வயதுக்குள்.

ஆள் ஒல்லியாக இருப்பார், சைவம் சாப்பிடுவார், தினமும் நடப்பார், எல்.டி.எல். மட்டும் 220 இருக்கும். "ரிப்போர்ட் தப்பா இருக்கும்" என்று வேறு லேபில் கொடுப்பார், அங்கும் 215 வரும். மாத்திரை எதுவும் எடுக்காத ஒரு பெரியவருக்கு எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால், தைராய்டு, சிறுநீரகக் கோளாறு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எஃப்.எச். என்றே நினைத்து விசாரிக்க வேண்டும். குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த தசைநாணைத் தடவிப் பாருங்கள். சிலருக்கு அது கட்டி கட்டியாகத் தடித்திருக்கும். 45 வயதுக்குள் கருவிழியைச் சுற்றி வெண்சாம்பல் வளையம் தெரிவதும் ஓர் அடையாளம். இரண்டும் இல்லாததால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. இது உறுதியானால் மரபணு ஆய்வுக்குப் பணம் தேடுவதற்கு முன் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொலஸ்ட்ரால் எடுங்கள். ஒவ்வொருவருக்கும் இருப்பதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று.

சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருப்பதால் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்கா மகளையோ மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டியவர் வீட்டில் இரண்டு பக்கமும் இதே பழுது இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பில் பழுது இரட்டையாக வந்து சேரும். அந்தக் குழந்தைகளுக்கு எல்.டி.எல். 400-க்கும் மேலே போகலாம்; பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வரலாம். முழங்கை, முழங்கால், கைவிரல் மூட்டுகளில் மஞ்சள் நிறக் கட்டிகள் வரும். வலிக்காது என்பதால் அவற்றைத் தோல் பிரச்சினை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அப்படி ஒரு குழந்தையைப் பார்த்தால் அன்றே கொலஸ்ட்ரால் எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது சந்தேகம் லைப்போபுரோட்டீன்-ஏ. 1963-ல் நார்வேயின் காரே பெர்க் கண்டுபிடித்த இந்தத் துகள் எல்.டி.எல். போன்றதுதான், கூடவே ஒட்டிக்கொள்ளும் புரதம் ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கும். இதன் அளவை ஏறக்குறைய முழுவதும் மரபணுவே தீர்மானிக்கிறது. அரிசியைக் குறைத்தாலும் நடந்தாலும் எண்ணெயை மாற்றினாலும் இது அசையாது. தெற்காசியர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இது அதிகம். கொலஸ்ட்ரால், சுகர், பிரஷர் எல்லாம் சரியாக இருந்தும் 42 வயதில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களிடம் இதை எடுத்துப் பார்த்தால் பலமுறை விடை அங்கேயே இருக்கும். 50 மில்லிகிராமுக்கு மேல், லேப் வேறு அலகில் கொடுத்தால் 125 நானோமோலுக்கு மேல் என்றால் அதிகம். வாழ்நாளில் ஒரே ஒரு முறை எடுத்தால் போதும். மாஸ்டர் செக்கப் பேக்கேஜ்களில் பெரும்பாலும் இருக்காது, தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். கேட்கும்போது கவனம்: அப்போலைப்போபுரோட்டீன் ஏ-1 என்று இன்னொரு பரிசோதனை உண்டு, பெயர்க் குழப்பத்தில் அதை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அது வேறு, இது வேறு.

குறைக்க முடியாததை எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இதைக் குறைப்பதற்கென்றே உருவாக்கிய ஊசிகள் பெரிய ஆய்வுகளில் இருக்கின்றன. அவை கைக்கு வரும்வரை, இது அதிகம் உள்ளவர்களுக்கு மற்ற எல்லாவற்றையும் இன்னும் கறாராகக் குறைக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு எல்.டி.எல். 120 போதும் என்று விடும் மருத்துவர், உங்களுக்கு 70-க்குக் கொண்டுவரப் பார்ப்பார்.

மூன்றாவது வகைதான் நம் ஊரில் அதிகம்: சுகர், பிரஷர், தொப்பை, கூடிய டிரைகிளிசரைடு (இரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பு), குறைந்த எச்.டி.எல். (நல்ல கொழுப்பு) எல்லாம் ஒரு கூட்டமாக வருவது. உங்கள் அம்மாவுக்குச் சுகர் என்பதால் இது உங்களுக்கு அம்மா வழியிலும் வரலாம். அப்பா பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். இந்த வகையில் ரிப்போர்ட் ஏமாற்றும். ஓர் உதாரணம்: மொத்தக் கொலஸ்ட்ரால் 190, லேப் "நார்மல்" என்று அச்சடித்துவிடும். எச்.டி.எல். 32, டிரைகிளிசரைடு 240. கணக்குப்படி எல்.டி.எல். 110, அதுவும் பரவாயில்லை என்று தோன்றும். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்துப் பாருங்கள்: 158. குழாய்ச் சுவரில் படியக்கூடிய எல்லாத் துகள்களின் கொழுப்பும் சேர்ந்தது அந்த எண். அது 130-க்குள் இருக்க வேண்டும். உங்கள் பழைய ரிப்போர்ட்டிலும் இந்த ஒரு கழித்தலைச் செய்து பாருங்கள், கால்குலேட்டர்கூட வேண்டாம்.

தொப்பைக்கும் நமக்கு அளவுகோல் வேறு. ஐரோப்பியர்களுக்கு உடல் நிறை எண் 25-ல் தொடங்கும் அதிக எடை நமக்கு 23-லேயே தொடங்குகிறது. ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. பேன்ட் சைஸை வைத்துச் சொல்லாதீர்கள், பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கித்தான் போடுகிறோம். டேப்பை விலா எலும்பின் அடிக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் வைத்து, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும்.

நான்காவது வகை அடைப்பே இல்லாதது. இளம் வயதில், வலி எதுவும் சொல்லாமல், ஓடும்போதோ தூக்கத்திலோ இறந்தவர் குடும்பத்தில் இருந்தால் இதயத் தசை தடிக்கும் நோய், இதயத் துடிப்பின் மின்னோட்டக் கோளாறு இரண்டையும் நினைக்க வேண்டும். இதயத் தசையின் ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் இந்தியர்களில் ஏறக்குறைய 4 சதவீதம் பேரிடம் இருப்பதை 2009-ல் இந்திய விஞ்ஞானிகள் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அந்த மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் அப்படி ஒரு சாவு வீட்டில் நடந்திருந்தால் ஈசிஜி, எக்கோ இரண்டையும் எல்லோரும் ஒருமுறை எடுத்துவிடுவது நல்லது. உங்கள் அப்பாவுக்கு மாரடைப்பு என்று டாக்டர்களே சொல்லியிருந்தால் இது உங்களுக்குப் பொருந்தாது.

இனி ஆஞ்சியோ. நோயே தெரியாத 36 வயதுக்காரருக்குக் கையிலோ தொடையிலோ குழாய் விட்டு எடுக்கும் பரிசோதனை தேவையில்லாத ஆபத்து. சரி, ட்ரெட்மில்? அது நெகட்டிவ் என்று வந்தால் "இப்போதைக்கு இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவு, ஏறக்குறைய 70 சதவீத, அடைப்பு இல்லை" என்று மட்டுமே பொருள். மாரடைப்புகளில் நிறைய, 30, 40 சதவீதம் மட்டும் அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்த கொழுப்புத் திட்டு திடீரென வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைவதால் வருபவை. "போன மாசம்தான் ட்ரெட்மில் எடுத்தார், நல்லா இருக்குன்னாங்க" என்று சாவு வீட்டில் சொல்வது இதனால்தான். ட்ரெட்மில் பொய் சொல்லவில்லை, நாம்தான் அதனிடம் தப்பான கேள்வியைக் கேட்டோம். ஈசிஜி அதைவிடவும் குறைவாகச் சொல்லும்.

ஸ்கேன் வேண்டும் என்றால் கால்சியம் ஸ்கோர் என்று ஒரு சி.டி. இருக்கிறது, ஊசி மருந்து இல்லாமல் சில நிமிடங்களில் முடிந்துவிடும், குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்பைக் கணக்கிடும். 40-க்கு மேல், மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று தடுமாறும்போது நல்ல துணை. 36-ல் பூஜ்யம் வருவது பெரிய செய்தி இல்லை, ஏனென்றால் இளம் வயதுத் திட்டுகளில் இன்னும் சுண்ணாம்பு சேர்ந்திருக்காது. ஆனால் 36-ல் பூஜ்யத்துக்கு மேல் ஏதாவது வந்தால் அது பெரிய செய்தி.

ஆக நீங்கள் எடுக்க வேண்டியவை லிப்பிட் புரொஃபைல் என்ற கொழுப்புப் பரிசோதனை, லைப்போபுரோட்டீன்-ஏ, வெறும் வயிற்றுச் சுகரும் மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ.1.சி.யும், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், தைராய்டு, பிறகு வீட்டிலேயே அமைதியாக உட்கார்ந்து சில நாள் எடுத்த பிரஷர். ஹோமோசிஸ்டீன், விட்டமின்கள், ஐம்பது அறுபது பரிசோதனை கொண்ட பேக்கேஜ் எல்லாம் உங்கள் கேள்விக்கு எதையும் சேர்க்காது.

எண்கள் வந்தபின் அவசரம் எதற்கு, 45 வயதில் பார்த்துக்கொள்ளலாமே? இதற்குப் பதில் எனக்குத் தெரிந்து மருத்துவத்திலேயே அழகான ஆய்வு ஒன்றில் இருக்கிறது. பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் கல்லீரலின் எல்.டி.எல். ஏற்பிகளை அழித்துவிடும் வேலையைச் செய்கிறது. சிலருக்கு இந்தப் புரதம் பிறவியிலேயே சரியாக வேலை செய்யாது. நல்ல பழுது என்றுதான் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கறுப்பினத்தவர்களில் இப்படிப்பட்டவர்களைத் தேடி எடுத்துப் பார்த்தபோது அவர்களுடைய எல்.டி.எல். மற்றவர்களைவிட 28 சதவீதம் குறைவு, இதய நோயோ 88 சதவீதம் குறைவு. 2006-ல் வெளிவந்தது. ஐந்தாறு ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டு எல்.டி.எல்.-ஐ 39 புள்ளி குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. அதே அளவுக் குறைவு பிறவியிலிருந்து இருந்தால் பலன் பல மடங்கு. கெட்ட கொழுப்பு கடன் மாதிரி, தொகை எவ்வளவு என்பதோடு எத்தனை வருடம் நிலுவையில் கிடந்தது என்பதும் சேர்ந்துதான் கணக்காகிறது. கொரியப் போரில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை அறுத்துப் பார்த்து 1953-ல் எழுதினார்கள்: சராசரி வயது 22, நான்கில் மூன்று பேருக்குக் குழாய்களில் ஏதோ ஓர் அளவு படிவு தொடங்கியிருந்தது. 45-ல் பார்த்துக்கொள்ளலாம் என்பவர் இருபது ஆண்டு நிலுவையோடு வருகிறார்.

இங்கேதான் எல்.டி.எல்.-ஐக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வருகிறது. எஃப்.எச். என்று தெரிந்தால் உணவு, நடை எல்லாம் துணைதான், மாத்திரை தவிர்க்க முடியாது. லைப்போபுரோட்டீன்-ஏ மிக அதிகமாக இருந்தாலும், சுகர் சேர்ந்தாலும் மருத்துவர் சீக்கிரமே சொல்வார். எல்லா எண்ணும் நன்றாக இருந்தால் 36-ல் வேண்டாம். இந்த மாத்திரையைப் பற்றி வாட்ஸ்அப்பில் வருவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ, கியோட்டோவில் அரிசியில் வளர்ந்த ஒரு பூஞ்சையிலிருந்து 1970-களில் பிரித்தெடுத்த பொருளில் தொடங்கிய குடும்பம் இது. முதல் மாத்திரை 1987-ல் விற்பனைக்கு வந்தது, அதன்பின் இத்தனை பேரிடம் சோதித்துப் பார்த்த மருந்துகள் குறைவு. தசை வலி சிலருக்கு உண்மையிலேயே வரும். ஆனால் ஸ்டாட்டினால் வலி என்று நிறுத்தியவர்களுக்கே மாதம் மாற்றி மாதம் ஸ்டாட்டினும் வெற்று மாத்திரையும் கொடுத்து லண்டனில் செய்த ஆய்வு 2020-ல் வந்தது; ஸ்டாட்டின் மாதத்தில் சொன்ன தொந்தரவில் 90 சதவீதத்தை வெற்று மாத்திரை மாதத்திலும் சொன்னார்கள். சுகர் எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்குச் சற்றே ஏறுவது உண்மை. அதைவிட மாரடைப்பைத் தடுக்கும் பலன் பெரிது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி நிறுத்த வேண்டும்.

ஆஸ்பிரினைத் தடுப்புக்காக நீங்களாகவே தொடங்காதீர்கள். மாரடைப்பு வராதவர்களுக்கு அது தரும் சிறு பலனை வயிற்று இரத்தக்கசிவு தின்றுவிடுகிறது என்று 2018-ல் வந்த மூன்று பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன.

மரபணுவே எல்லாவற்றையும் முடிவு செய்கிறதா என்றால், இல்லை. கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு 2004-ல் ஓர் ஆய்வு வந்தது. புகை, கொழுப்பு, பிரஷர், சுகர், தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் சாப்பிடாதது, உடலுழைப்பு இல்லாதது, மது தொடர்பான பழக்கம் ஆகிய ஒன்பதும் சேர்ந்து உலக மாரடைப்புகளில் 90 சதவீதத்தை விளக்கிவிட்டன. குடும்ப வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தபோது அந்தக் கணக்கு பெரிதாக நகரவில்லை. குடும்பம் செய்யும் கெடுதலில் பெரும்பங்கு இந்த ஒன்பது வழியாகத்தான் வருகிறது. முதல் மாரடைப்பு நம் பகுதி மக்களுக்குச் சராசரியாக 53 வயதில் வருவதும், மற்றவர்களுக்கு ஐந்தாறு ஆண்டு கழித்து வருவதும் அதே ஆய்வில் தெரிந்ததுதான். 2016-ல் வந்த இன்னோர் ஆய்வு, மரபணு ஆபத்து மிக அதிகமான பிரிவினரை மட்டும் எடுத்துப் பார்த்தது. புகைக்காமல், எடை ஏறாமல், உடற்பயிற்சியோடு, ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு, அதே மரபணுவோடு கண்டபடி வாழ்ந்தவர்களைவிட 46 சதவீதம் குறைவாக நோய் வந்தது.

உங்கள் விஷயத்தில் முதலில் போக வேண்டியது அந்த "எப்போதாவது" சிகரெட். ஒரு நாளைக்கு இருபது சிகரெட் பிடிப்பவரின் கூடுதல் ஆபத்தில் ஏறக்குறைய பாதி, ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் இருக்கிறது. இருபதில் ஒரு பங்குதானே என்ற கணக்கு நுரையீரல் புற்றுநோய்க்கு ஓரளவு பொருந்தலாம், இதயத்துக்குப் பொருந்தாது. ஹான்ஸ், குட்கா ஒதுக்குவதும் இதில் சேர்த்தி.

சாப்பாட்டில் நான் அதிகம் பேசுவது எண்ணெயைப் பற்றி இல்லை, தட்டில் எதற்கு எவ்வளவு இடம் என்பதைப் பற்றி. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று மூன்று வேளையும் மாவே ஓடுகிறது. பருப்பு சாம்பாரில் கரைந்து போகிறது, காய் இரண்டு ஸ்பூன். உட்கார்ந்து வேலை செய்பவர் உடம்பில் அந்த மாவு டிரைகிளிசரைடாக மாறி, அடுத்து தொப்பையாக மாறுகிறது. சோற்றைப் பாதியாக்கி, கூட்டு, பொரியல், கீரையை இரண்டு மடங்காக்குங்கள். நாலு மணிக்கு டீயோடு வடை பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். மீன் சாப்பிடுபவர் என்றால் மத்தியும் அயிலையும் விலையும் குறைவு, நல்ல கொழுப்பும் அதிகம், குழம்பில் போட்டால். வறுத்தால் பாதிப் புண்ணியம் எண்ணெயோடு போய்விடும்.

எண்ணெய் எது என்று கட்டாயம் கேட்பீர்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டும் தாராளமாகப் போதும், ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள். பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம், எல்.டி.எல்.-ஐ ஏற்றவே செய்யும். செக்கில் ஆட்டியதாலோ பாரம்பரியம் என்பதாலோ அந்தக் கணக்கு மாறாது. சட்னியில் தேங்காய் போட்டு அளவாகச் சாப்பிடுவது வேறு. எஃப்.எச். இருப்பவர் தேங்காய் எண்ணெயில் சமைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உப்பு எல்லாம் சேர்த்து நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் நான்கும் ஒரே தட்டில் வந்தால் அந்த ஒரு வேளையிலேயே கணிசமாகத் தீர்ந்துவிடும்.

நடை வாரம் 150 நிமிடம், பேச முடிய வேண்டும் ஆனால் பாட முடியாத வேகத்தில். பூங்காவில் நண்பரோடு அரசியல் பேசிக்கொண்டு ஒன்பது சுற்று உலாவுவதை நான் எண்ணுவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள், சுகர் வராமல் தள்ளிப்போட அது உதவும்.

நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது என்பதை உங்களைப் போன்ற குடும்பத்தில் எல்லோரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். நெஞ்சின் நடுவில் அழுத்துவதுபோல், இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக்கொட்டினால் சோடா, ஓமத் தண்ணீர், கேஸ் மாத்திரை என்று நேரத்தைக் கழிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், பைக்கில் தானாக ஓட்டிப் போக வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் அங்கேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் முதல் தவணையாகக் கொடுத்து, மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

தங்கையைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். இதே அப்பாவின் மகள்தான் அவரும். மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு வராது என்ற நம்பிக்கையில் எஃப்.எச். உள்ள பெண்களைக் கண்டுபிடிக்காமலேயே விட்டுவிடுகிறோம். அவரிடம் கேட்க வேண்டியது இன்னும் சில உண்டு. கர்ப்ப காலத்தில் சுகர் வந்ததா, பிரஷர் ஏறிக் குழந்தையை முன்கூட்டியே எடுத்தார்களா? வந்திருந்தால் பிரசவத்தோடு முடிந்த கதை என்று விடக்கூடாது, பிற்காலத்தில் சுகருக்கும் இதய நோய்க்கும் அது முன்னறிவிப்பு. ஆண்டுக்கு ஒருமுறை சுகரும் பிரஷரும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்கு மாரடைப்பில் நெஞ்சுவலியை மிஞ்சி மூச்சு வாங்குவது, குமட்டல், தாங்க முடியாத அசதி, முதுகு வலி என்று வருவதும் உண்டு, அதனால் அவர்களே தாமதமாகச் சொல்வார்கள், வீட்டில் கேட்பவர்களும் தாமதமாகத்தான் நம்புவார்கள்.

நீங்களும் தங்கையும் ஒரே நாளில் போய் இரத்தம் கொடுத்துவிடுங்கள். உங்கள் இருவரில் யாருக்காவது எல்.டி.எல். 190-ஐத் தாண்டியிருந்தால், தாண்டியவரின் குழந்தைகளுக்கும் எடுக்க வேண்டும். இரண்டு வயதுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், பத்து வயதைத் தாண்ட விடாதீர்கள். இருவருக்குமே சாதாரணமாக இருந்தால் குழந்தைகளை இப்போதைக்கு ஊசியால் குத்த வேண்டியதில்லை.